சுற்றிப்போன சாலை



மழைக்காலத்தில் மும்பையிலிருந்து புனே நோக்கிச் செல்லும் மலைச்சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். கோபோலியைத் தாண்டியதும் போர் காட் ஏற்றம் தொடங்குகிறது. கோடையில் கருகிக் கிடந்த மலைகள் ஆகஸ்டு மாதத்தில் அடையாளம் தெரியாதபடி பசுமையாகிவிடுகின்றன. பாறைதோறும் நீர் வழிகிறது. கண்டாளாவை நெருங்குகையில் மேகம் சாலைக்கே இறங்கி, முன்னே செல்லும் லாரியின் பின்விளக்கை மட்டும் நமக்கு விட்டுவைக்கிறது. 1830ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, தைலத்தின் விளம்பரப் பலகையால் ‘அமிர்தாஞ்சன் பாலம்’ என்று பெயர்பெற்ற பழைய பாலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது 2020 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. 2002ல் முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச்சாலையில் நாம் இன்று அந்த மலையைத் திரும்பிப் பாராமலே ஏறிவிடுகிறோம்.

அந்தச் சாலையில் தொடங்கி, நாங்கள் எண்ணியிராத ஊர்களில் போய் முடிந்த ஒரு பயணத்தைக் குறித்து இம்மாதம் உங்களுக்கு எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சுதந்திர தின விடுமுறையை ஒட்டி, எங்கள் சபையின் மூன்று குடும்பத்தார் பதினான்கு பேராக ஒரு வாடகை வேனில் மகாபலேஷ்வருக்குப் புறப்பட்டோம். பஞ்ச்கனியில் இரண்டு இரவு தங்குவதற்கு முன்பணமும் கட்டியாயிற்று. எந்த மலைமுனையை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று வாலிபர்கள் ஒரு தாளில் அட்டவணை எழுதி வைத்திருந்தார்கள்.

எங்களோடு ஒரு சகோதரியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். முந்தின ஆண்டு அவருடைய கணவர் மாரடைப்பினால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். “பட்டணத்தில் ஒற்றைப் பெண்ணாக என்ன செய்வாய்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடு” என்று திருநெல்வேலிப் பக்கத்து உறவினர்கள் வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அவருக்கென்று வீடும் இல்லை, வேலையும் இல்லை. மும்பையிலோ கணவரின் சம்பளம் நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைக் கேட்பதா வேண்டாமா என்னும் முடிவை அவர் மாதக்கணக்கில் தள்ளிவைத்திருந்தார். பிள்ளைகள் வற்புறுத்தியதாலேயே வேனில் ஏறினார்.

கிருஷ்ணா நதிக்கரையில் ஒரு தடுப்பு

புனேயைக் கடந்து கம்பட்கி மலைப்பாதையில் ஏறி இறங்கி, சுரூர் சந்திப்பில் திரும்பி, காலை பத்து மணியளவில் வாயி என்னும் நகரை அடைந்தோம். அங்கிருந்து பசரணி மலைப்பாதையில் ஏறினால் பஞ்ச்கனி பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே. ஆனால் மலையடிவாரத்தில் போலீசார் தடுப்பு வைத்திருந்தார்கள். இரவு பெய்த மழையில் கற்கள் சரிந்திருந்தன. அன்றைக்குள் சாலை திறக்கப்படாது என்றார்கள்.

வாலிபர் ஒருவர் கைப்பேசியின் வரைபடத்தில் வேறொரு குறுகிய சாலையைக் கண்டுபிடித்து, அதைக் காவலரிடம் காட்டினார். “அதுவும் நேற்றிரவே மூடியாயிற்று. உங்கள் போனுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை” என்றார் அவர்.

பிரியமானவர்களே, அடைக்கப்பட்ட சாலை நம்மிடம் முதலாவது கேட்பது கீழ்ப்படிதல். சஹ்யாத்திரி மலைகளின் மழை விளையாட்டன்று. 2014 ஜூலை 30ஆம் தேதி புனே மாவட்டத்தின் மாளின் கிராமம் மண்ணுக்குள் புதைந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 ஜூலை 22ஆம் தேதி மகாட் பகுதியிலுள்ள தளியே கிராமத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 ஜூலை 19ஆம் தேதி இரவில், காலாப்பூர் வட்டத்தின் இர்ஷால்வாடி என்னும் ஆதிவாசிக் குடியிருப்பின்மேல் மலை சரிந்தது. காணாமற்போன பலருடைய உடல்கள் மீட்கப்படவே இல்லை. விரைவுச்சாலையில் போகிறவர்கள் படம் எடுக்கும் இர்ஷால்கட் மலைதான் அது. நாம் அழகென்று வியக்கும் சரிவின் கீழே யாரோ உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, எங்கள் வேன் வேறு திசையில் திரும்ப வேண்டும் என்பதற்காகத் தேவன் ஒரு மலையைச் சரித்தார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மலை சரிந்தது, சாலை அடைபட்டது. அதற்குப் பின்பு அவர் எங்களைக் கைவிடவில்லை என்பதையே சொல்லுகிறேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் கிருஷ்ணா நதியின் படித்துறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். சலித்திருந்த பிள்ளைகளுக்கு அந்த நதியின் கதையைச் சொன்னேன். மகாபலேஷ்வரில் கிருஷ்ணா பிறக்கும் இடத்திலிருந்து அரபிக்கடல் ஏறக்குறைய 64 கிலோமீட்டர்தான். ஆனால் நதி அந்தக் கடலுக்குப் போவதில்லை. கிழக்கே திரும்பி, மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம் என்று ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலில் கலக்கிறது. அந்த நீண்ட வழியில் எத்தனை வயல்கள்! எத்தனை நகரங்கள்! தெலுங்கு கங்கைத் திட்டத்தினால் 1996 முதல் அதன் நீரில் ஒரு பங்கு பூண்டி ஏரிக்கு வந்து, சென்னை மக்களின் குடங்களையும் நிரப்புகிறது. “அப்படியென்றால் சென்னையில் நம் பாட்டி குடிப்பது இந்தத் தண்ணீரா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அருகிலுள்ள கடலுக்கு விழுந்து ஓடியிருந்தால் இந்த நதி யாருடைய தாகத்தைத் தீர்த்திருக்கும்?

யாருக்குச் சுற்றுவழி?

தவுண்ட் நகரில் ஊழியம் செய்யும் உடன் ஊழியர் ஒருவர், எத்தனையோ முறை எங்களைத் தம் சபைக்கு அழைத்திருந்தார். அவரிடம் தொலைபேசியில் பேசினோம். “சபைக் கட்டடத்தில் பாய் விரித்துத் தருகிறேன், எல்லாரும் வாருங்கள்” என்றார். இவ்வாறு எங்கள் வேன் மலையை விட்டுத் திரும்பி, ஷிர்வள், லோணந்த், நீரா, ஜேஜுரி, மோர்காவ், சுபே என்று நாங்கள் பெயர் மட்டும் கேட்டிருந்த ஊர்களின் வழியே கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கியது.

வேனை ஓட்டியவர் மராத்தி இளைஞர். நாங்கள் அவரை அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்தோம். நீரா ஆற்றைத் தாண்டியதும் அவர் தயங்கித் தயங்கி, “பாஸ்டர், இன்னும் ஐந்து கிலோமீட்டரில் என் வீடு. பத்து நிமிடம் நிறுத்தலாமா?” என்று கேட்டார். பத்து நிமிடம் இரண்டு மணி நேரமாயிற்று. அவருடைய தாயார் பதினான்கு பேருக்கும் அடுப்பு மூட்டிவிட்டார். கம்பு மாவில் சுட்ட பாக்ரி, கடலைமாவில் கிளறிய பிட்லா, பச்சைமிளகாய் இடித்த தேச்சா. எங்கள் வாலிபர்கள் அட்டவணையை மறந்து மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

“சாலை மூடிவிட்டதால் இந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறோம், அம்மா” என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “உங்களுக்குச் சுற்று, எங்களுக்கு வீட்டுக்கு வரும் வழி” என்றார்.

தேவதாசர்கள் பலருடைய பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். வேதாகமக் கல்லூரியில் பிரசங்கக் கலையும் படித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் போல் என்னை நிறுத்தியவை சிலவே. நாம் எதைச் சுற்றுவழி என்கிறோமோ, அது யாரோ ஒருவருடைய பள்ளிக்கூடச் சாலை. யாரோ ஒருவர் மணமகளாய் வந்த சாலை. நம் பயணத்தின் இடையூறு அவர்களுடைய வாழ்வின் முகவரியாக இருக்கிறது.

ஜேஜுரியைத் தாண்டியபின் மழை நின்றது. ஈர மலைகளை விட்டு வந்து சில மணி நேரமே ஆகியிருந்தது. இங்கோ மண் வெளுத்துக் கிடந்தது. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. மலையின் மறைவிலிருக்கும் இந்த வட்டாரத்தில் ஐந்நூறு மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல ஆண்டு. மேகங்கள் தங்கள் சுமையை மலையிலேயே இறக்கிவிட்டு வெறுமையாய் வருகின்றன. சாலையோரம் தங்கர் குலத்து ஆயர்கள் ஆட்டு மந்தைகளோடு நின்றார்கள். மழைக்காலத்தில் இந்த மேட்டுநிலத்தில் இருந்துவிட்டு, வறண்ட காலத்தில் மலையைக் கடந்து கொங்கணத்திற்கு மந்தைகளை ஓட்டிச் செல்வது அவர்கள் வழக்கம். பிழைப்புக்காக இடம்பெயர்வது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சுபேயின் அருகே மயூரேஷ்வர் வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய புல்வெளியில் இரண்டு சிங்காரா மான்கள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்ந்தன. அட்டவணையில் எழுதப்படாத அந்தக் காட்சியைப் பிள்ளைகள் இன்றுவரை பேசுகிறார்கள்.

நம் ரயில்கள் நிற்காத ஊர்

மறுநாள் காலை தவுண்டிலிருந்து திரும்புகையில், உடன் ஊழியர் எங்களைக் கேட்காவ் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். மும்பைத் தமிழராகிய நாம் இந்த ஊரை எத்தனை முறை கடந்திருப்போம்! சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் செல்லும் ரயில்கள் புனேக்கும் தவுண்டுக்கும் இடையே கேட்காவ் நிலையத்தைத் தாண்டித்தான் போகின்றன. நாமோ அந்நேரம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டோ, மேல் படுக்கையில் உறங்கிக்கொண்டோ இருப்போம். அந்த நிலையத்தின் அருகில்தான் பண்டித ரமாபாயின் முக்தி மிஷன் இருக்கிறது.

ரமாபாய் 1858ல் பிறந்தவர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்றிருந்த நாளில், தந்தை அனந்த சாஸ்திரி மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்பித்தார். புராணம் வாசித்து ஊர் ஊராய் அலைந்த அந்தக் குடும்பம், சென்னை மாகாணத்தில் இருந்தபோது பஞ்சத்தில் சிக்கியது. பெற்றோர் இறந்தனர். ரமாபாயும் அவருடைய சகோதரனும் கால்நடையாகவே பல நாடுகள் திரிந்து 1878ல் கல்கத்தா சேர்ந்தார்கள். அங்கே அறிஞர்கள் அவருக்கு ‘பண்டிதா’ என்னும் பட்டம் அளித்தனர். 1880ல் திருமணம், 1882ல் கணவர் காலரா நோயில் இறந்தார். 1883ல் இங்கிலாந்து சென்று அங்கே ஞானஸ்நானம் பெற்றார். 1889ல் மும்பையில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கி, மறு ஆண்டு அதைப் பூனாவுக்கு மாற்றினார்.

கேட்காவுக்கு அவர் எப்படி வந்தார் என்பதைக் கவனியுங்கள். அங்கே அவர் நிலம் வாங்கியது பழத்தோட்டம் போட்டு, அதன் வருமானத்தால் பூனா இல்லத்தை நடத்துவதற்கே. 1896, 1897ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் மத்திய மாகாணத்திற்குச் சென்று, திக்கற்ற பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் மீட்டுக்கொண்டு வந்தார். அவர்களைத் தங்கவைக்கப் பூனாவில் இடமில்லை. அந்நகரத்தில் அப்போது பிளேக் நோய் பரவி, கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்தன. வேறு வழியின்றி அவர்களைத் தோட்டத்திற்குக் கொண்டுபோனார். மரம் நடுவதற்கு வாங்கிய நிலத்தில் மனுஷிகள் நடப்பட்டார்கள். 1900ஆம் ஆண்டளவில் அங்கே ஏறத்தாழ 1,500 பேர் வாழ்ந்தனர்.

அந்தப் பெண்கள் கூடி ஜெபித்த இடத்தில்தான் 1905 ஜூன் மாத இறுதியில் எழுப்புதல் உண்டாயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து அசூசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906ல் என்பதை நினைவில் வையுங்கள். முக்தியில் ஊழியம் செய்த மின்னி ஆப்ரம்ஸ் அம்மையார் இந்த எழுப்புதலைக் குறித்து 1906ல் எழுதிய சிறு நூல், தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் ஹூவர் தம்பதியரின் கையை எட்டியது. 1909ல் வால்பரைசோ நகரில் எழுப்புதல் மூண்டது. ரமாபாயோ எபிரெயமும் கிரேக்கமும் கற்று, எளியவருக்கும் விளங்கும் மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். அதை அச்சுக்கோத்தவர்கள் அவர் மீட்டெடுத்த பெண்களே. 1922 ஏப்ரல் 5ஆம் தேதி மறையும்வரை அந்தப் பணியில் உழைத்தார். அவருடைய ஒரே மகள் மனோரமா அதற்கு முந்தின ஆண்டே இறந்துவிட்டார்.

அந்த வளாகத்தை எங்களுக்குச் சுற்றிக்காட்டிய முதிய அம்மையாரிடம், அதுவரை பேசாமல் வந்த எங்கள் சகோதரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கணவர் இறந்தபோது ரமாபாய் அம்மாவுக்கு என்ன வயது?”

“இருபத்துமூன்று. கையில் ஒரு வயது நிறையாத பெண்குழந்தை.”

சகோதரி ஆலயத்திற்குள் போய் நெடுநேரம் அமர்ந்திருந்தார். நாங்கள் அவரை அழைக்கவில்லை. திரும்பும் வழியில் லோணாவளாவின் அருகே, “பாஸ்டர், ஊருக்குப் போவது தவறில்லை. ஆனால் பயத்தினால் போகமாட்டேன். பிள்ளைகளின் படிப்பு முடியும்வரை இங்கேயே இருந்து பார்க்கிறேன்” என்றார். அதன்பின் அவருடைய பாடுகள் நீங்கிவிட்டன என்று நான் எழுதினால் அது பொய்யாகும். பகலில் ஆயத்த ஆடைக் கூடத்திலும் இரவில் வீட்டிலுமாகத் தைக்கிறார். பதினொரு மாதத்திற்கு ஒருமுறை வீடு மாறுகிறார். மூத்த மகள் நர்சிங் படிக்கிறாள். சபையில் யாராவது ஒரு பெண் கணவனை இழந்தால், எனக்கு முன்பே அந்த வீட்டு வாசலில் நிற்பவர் அவர்தான்.

வேதம் காட்டும் நீண்ட வழி

யாத்திராகமம் 13:17,18 வசனங்களைத் திறந்து வாசியுங்கள். எகிப்திலிருந்து கானானுக்குப் பெலிஸ்தரின் தேசத்து வழி சமீபமாயிருந்தும், தேவன் தம் ஜனத்தை அவ்வழியே நடத்தவில்லை. யுத்தத்தைக் கண்டு அவர்கள் மனங்கலங்கித் திரும்பிவிடுவார்கள் என்று அறிந்து, வனாந்தர வழியாய்ச் சுற்றி நடத்தினார். அவர்களுடைய பெலவீனத்தை அளந்து அவர் தெரிந்துகொண்ட வழி அது. அதே ஜனம் எண்ணாகமம் 21:4ல் ஏதோமைச் சுற்றிப்போக வேண்டியிருந்தபோது, வழியின் நிமித்தமாகவே சோர்ந்துபோனதையும் வேதம் மறைக்கவில்லை. சுற்றுவழி களைப்பூட்டும். களைத்தவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் ஆசியாவில் வசனத்தைச் சொல்ல ஆவியானவரால் தடைபண்ணப்பட்டார். பித்தினியாவுக்குப் போகவும் அனுமதி கிடைக்கவில்லை. கடல் கடந்து பிலிப்பி பட்டணத்திற்கு வந்தபோது, ஆற்றங்கரையில் கூடியிருந்த சில ஸ்திரீகளே அவருக்குக் கிடைத்தார்கள். அவர்களில் முதலாவது இருதயம் திறக்கப்பட்டவள் லீதியாள். அவள் எந்த ஊராள்? தியத்தீரா ஊராள். தியத்தீரா எங்கே இருக்கிறது? பவுலுக்கு அடைக்கப்பட்ட அதே ஆசியாவில்! பிழைப்புக்காக அயலூரில் இரத்தாம்பரம் விற்ற ஒரு பெண்ணை, தடுக்கப்பட்ட வழியின் மறுமுனையில் கர்த்தர் வைத்திருந்தார்.

மழையில் புறப்படுவோருக்கு

இந்த மழைக்காலத்தில் குடும்பத்தோடு பயணம் புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். மலைச்சாலையைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள். கைப்பேசி காட்டும் வழியை உள்ளூராரிடமும் காவலரிடமும் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஒரு வேளைக்கான உணவும், குடிநீரும், வயதானவர்களின் மருந்தும் கூடுதலாக இருக்கட்டும். பாய்ந்தோடும் நீருக்குள் வண்டியை இறக்காதீர்கள். அட்டவணையில் அரை நாளை வெறுமையாக விடுங்கள்.

அதைவிட நீண்ட பயணம் ஒன்றில் நாம் எல்லாரும் இருக்கிறோம். இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம் என்று எண்ணி மும்பைக்கும், டெல்லிக்கும், பெங்களூருக்கும் வந்தோம். இருபது, முப்பது வருடங்கள் ஆகிவிட்டன. இந்த நகரத்தை இன்னும் ஒரு சுற்றுவழியாகவே எண்ணிக்கொண்டு, அடுத்த கதவில் இருக்கிறவரின் பெயரையும் அறியாமல் வாழ்கிறவர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களுக்கோ இது வீடு. மராத்தியனோ, கன்னடனோ, பீகாரியோ, அவர்கள் நம் ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகும் காட்சிகள் அல்லர். அவர்கள் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சுடும் பாக்ரியை அவர்களோடு உட்கார்ந்து உண்ணுங்கள். கர்த்தர் உங்களை இந்த நீண்ட வழியில் நடத்தியதன் காரணம், அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கக்கூடும்.

உங்கள் போக்கையும் உங்கள் வரத்தையும் காக்கிற தேவன், அடைக்கப்பட்ட சாலைகளில் பொறுமையையும், திறக்கப்பட்ட சாலைகளில் காணும் கண்களையும் உங்கள் குடும்பங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.